இருபத்தைந்து டாலரின் வரவு செலவு

2005-ம் ஆண்டின் முற்பகுதி. சான் பிரான்சிஸ்கோவில் இருந்த மேட் ஃப்ளானரி, ஜெசிகா ஜாக்லி என்ற இளம் தம்பதி, தங்கள் திருமணத்துக்கு அழைத்திருந்த ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். உகாண்டாவின் கிழக்கு ஓரத்தில், கென்ய எல்லையை ஒட்டி இருக்கும் டொரோரோ என்ற ஊரில் ஏழு பேருக்குத் தொழிலுக்குக் கடன் வேண்டும், வட்டி கிடையாது, முதல் திரும்பி வரும். ஆடு வளர்ப்பவர், மீன் விற்பவர், சாப்பாட்டுக் கடை நடத்துபவர் என்று அந்த ஏழு பேர். ஒரே வார இறுதியில் 3,500 டாலர் சேர்ந்துவிட்டது. ஆளுக்குச் சராசரி 500 டாலர். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏழு பேரும் கட்டி முடித்தார்கள்.

கீவா என்ற அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. ஒருவர் கொடுக்கக்கூடிய குறைந்தபட்சத் தொகை 25 டாலர். இன்றுவரை அதன் வழியாகக் கைமாறிய கடன் 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. திரும்பி வரும் விகிதம் சுமார் 96 சதவீதம். வாங்குபவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா, கானா, செனகல், ருவாண்டா என்று பட்டியல் நீளும்.

இந்த எண்களைப் பார்த்து மனம் நெகிழ்வது சுலபம். நான் பார்க்க விரும்புவது வேறு கணக்கு. கொடுத்தவருக்கு வட்டி பூஜ்யம் என்றால், வாங்கிய பெண்ணுக்கு என்ன வட்டி? இரண்டுக்கும் நடுவில் இருப்பது யாருடைய செலவு?

முதலில் கொடுப்பவரின் பக்கம்.

25 டாலர் கொடுக்கிறார். 96 சதவீதம் திரும்புகிறது. வந்ததை மறுபடி கொடுக்கிறார். பத்துச் சுற்றுக்குப் பிறகு கையில் மிஞ்சுவது 16 டாலர் 60 சென்ட். ஆனால் அந்தப் பத்துச் சுற்றில் அவர் கொடுத்த மொத்தக் கடன் ஏறத்தாழ 209 டாலர். 90 சதவீதம்தான் திரும்புகிறது என்று வைத்தால் மிச்சம் 8 டாலர் 70 சென்ட், மொத்தம் சுற்றியது 163 டாலர். 80 சதவீதம் என்றால் மிச்சம் 2 டாலர் 70 சென்ட், சுற்றியது 112 டாலர். ஐந்தில் ஒரு பங்கு ஒவ்வொரு முறையும் காணாமல் போனாலும், 25 டாலர் நூறு டாலருக்கு மேலான வேலையைச் செய்துவிடுகிறது. முதலீடாகப் பார்த்தால் மூன்றுமே நஷ்டம். நன்கொடையாகப் பார்த்தால் மூன்றுமே லாபம். 25 டாலரைத் தானமாகக் கொடுத்திருந்தால் அது ஒரு முறை மட்டும்தானே போயிருக்கும்! கடனை முதலீடு என்று நினைத்துக் கொடுப்பவர்தான் வருத்தப்படுகிறார்.

பணத்தைத் தின்னும் இன்னொரு வாய் நாணய மாற்று விகிதம். 2022 தொடக்கத்தில் கானாவில் ஒரு டாலருக்கு அந்நாட்டு நாணயத்தில் சுமார் 6 செடி. அந்த நவம்பரில் அது 13 செடியைத் தாண்டியது. ஜனவரியில் 100 டாலரை 600 செடியாக வாங்கியவர் நவம்பரில் அதே 600 செடியை ஒரு காசு குறையாமல் கட்டியிருந்தாலும், டாலராக வருவது 46. கடன் வாங்கியவர் நாணயமானவர். அவருடைய நாட்டின் நாணயம் அப்படி இல்லை. மலாவியில் 2023 நவம்பரில் ஒரே நாளில் குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலர் 1,180 குவாச்சாவிலிருந்து 1,700 குவாச்சாவானது. இந்த இழப்பை யார் சுமப்பது? உள்ளூர் நிறுவனம் சுமந்தால் அது வட்டியில் ஏறும். வெளிநாட்டவர் சுமந்தால் அவருடைய 96 சதவீதம் குறையும். கீவாவில் இருந்த ஓர் ஏற்பாட்டின்படி முதல் 10 சதவீத வீழ்ச்சியை உள்ளூர் நிறுவனம் ஏற்றது, அதற்கு மேல் போனதைக் கொடுத்தவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். நியாயமான பங்கீடுதான். ஆனால் அந்த முதல் 10 சதவீதமும் கடைசியில் காய்கறிக்காரியின் தவணையில்தான் வந்து உட்கார்ந்திருக்கும்.

இனி நடுப்பக்கம். கட்டுரையின் கனமான பக்கம் இதுதான்.

கீவா பெரும்பாலும் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. உள்ளூரில் இருக்கும் நுண்கடன் நிறுவனம் கொடுக்கிறது. 2009 அக்டோபரில் டேவிட் ரூட்மன் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கீவாவின் இணையப் பக்கத்தில், படத்தில் சிரிக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் கடன் முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவிலிருந்து போகும் 25 டாலர் அந்த நிறுவனத்தின் பெட்டியைத்தான் நிரப்புகிறது. அது மோசடி இல்லை, நெல் விதைக்கிற நாளில் பணம் வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் ஆளுக்கு ஆள் என்று விளம்பரம் செய்துவிட்டு, நடுவில் ஒரு அலுவலகம் இருப்பதைச் சின்ன எழுத்தில் போட்டால் கேள்வி எழத்தான் செய்யும். கீவா பிறகு தன் வாசகங்களைத் திருத்திக்கொண்டது.

அந்த அலுவலகத்தின் செலவை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என்னுடையவை, விகிதம்தான் முக்கியம்.

கென்யாவில் ஒரு கடன் அலுவலர். சம்பளம், மோட்டார் சைக்கிள், பெட்ரோல், அறை வாடகையில் பங்கு எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ஷில்லிங். அவர் பார்த்துக்கொள்பவர்கள் 300 பேர். ஆளுக்கு மாதம் 200 ஷில்லிங், வருடத்துக்கு 2,400. கடன் ஆளுக்கு 20,000 ஷில்லிங். மாதாமாதம் அசல் குறைவதால் சராசரியாக வெளியில் நிற்பது 10,000. ஆக, 10,000 ஷில்லிங்கைப் பார்த்துக்கொள்ள வருடத்துக்கு 2,400. அதாவது 24 சதவீதம். இதில் இன்னும் பணத்தின் விலையே சேரவில்லை.

இப்போது சேர்ப்போம். நிறுவனம் உள்ளூர் வங்கியில் 12 சதவீதத்துக்குப் பணம் வாங்குகிறது என்போம். வராக்கடன் 4 சதவீதம். கூட்டினால் 40. லாபம் ஒரு பைசா இல்லாமல், நேர்மையாக நடத்தினாலேயே 40 சதவீதம் வேண்டும்.

வெளிநாட்டவர் வட்டியில்லாமல் பணம் கொடுக்கிறார். என்ன ஆகும்? 12 பூஜ்யமாகும். 40 என்பது 28 ஆகும். அதுவும் நிறுவனத்தின் முழு மூலதனமும் அப்படி வந்தால்தான். நடைமுறையில் ஒரு பகுதிதான் வரும். கொடுத்தவரின் பூஜ்யம் வாங்கியவரிடம் போய்ச் சேரும்போது முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. பேராசை அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பேராசையே இல்லாவிட்டாலும் கணக்கு இங்கேதான் வந்து நிற்கும்.

அதே அலுவலர் 300 பேருக்கும் ஆளுக்கு 2 லட்சம் கொடுத்தால்? செலவு அதே 2,400. வெளியில் நிற்பது ஒரு லட்சம். கையாளும் செலவு 2.4 சதவீதம். பெரிய கடனுக்கு வட்டி குறைவாகவும் சின்னக் கடனுக்கு அதிகமாகவும் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். ஏழை என்பதால் கூடுதல் வட்டி என்று சொல்வதைவிட, தொகை சிறியது என்பதால் கூடுதல் வட்டி என்று சொல்வது சரி. வாங்குபவளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

இந்த 40-ஐ நிறுவனங்கள் அப்படியே சொல்வதில்லை. "மாதம் 2 சதவீதம்" என்பார்கள். காதுக்கு இதமாக இருக்கும். 20,000 ஷில்லிங்குக்கு வருடத்துக்கு 24 சதவீதம், வட்டி 4,800. மொத்தம் 24,800, பன்னிரண்டு தவணையாக மாதம் 2,067. ஆனால் இரண்டாம் மாதத்திலிருந்தே அவர் கையில் முழு 20,000 இல்லை. ஆறாம் மாதத்தில் பாதிதான் இருக்கிறது. ஆனாலும் வட்டி முழு 20,000-க்கும் ஓடுகிறது. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் இது வருடத்துக்கு ஏறத்தாழ 42 சதவீதம். இருபத்து நான்கு என்று பெயர், நாற்பத்திரண்டு என்று விலை. மேலே போட்ட செலவுக் கணக்கோடு ஒப்பிட்டால், அந்த நிறுவனம் கொள்ளை அடிக்கவில்லை என்பதும் தெரியும், உண்மையைச் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

நடுவில் இருப்பவரை எடுத்துவிட்டால் என்ன?

அதற்கு வழி திறந்தது கைபேசி. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் கென்யாவில் எம்-பெசாவைத் தொடங்கியது. பெட்டிக்கடையில் பணத்தைக் கொடுத்தால் கைபேசிக் கணக்கில் ஏறும். அங்கிருந்து எந்த ஊருக்கும் குறுஞ்செய்தியாகப் போகும். 2006-ல் முறையான நிதிச் சேவை ஏதாவது ஒன்றைப் பயன்படுத்திய கென்யர்கள் வயதுவந்தோரில் 26.7 சதவீதம். 2024-ல் 84.8 சதவீதம். தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, எம்-பெசாவால் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்ததாகவும், 1,85,000 பெண்கள் வயிற்றுப்பாட்டு விவசாயத்திலிருந்து வியாபாரத்துக்கு மாறியதாகவும் கணக்கிட்டது. கவனியுங்கள், இது கடன் இல்லை. பணம் போய்ச் சேரும் வழி மட்டும்தான்.

அந்த வழியில் கடனையும் அனுப்பலாம் என்று 2009-ல் ஜூலியா குர்னியா தொடங்கியது ஜிடிஷா. உள்ளூர் நிறுவனம் கிடையாது, கடன் அலுவலர் கிடையாது, மோட்டார் சைக்கிள் கிடையாது. கென்யாவில் இருப்பவர் தன் தேவையைத் தானே எழுதுவார். வெளிநாட்டில் இருப்பவர் படித்துப் பணம் கொடுப்பார். எம்-பெசாவில் போகும், எம்-பெசாவில் திரும்பும். அமைப்பின் கட்டணம் 5 சதவீதம். என் மாதிரிக் கணக்கின் 24 சதவீதம் ஒரே வெட்டில் போய்விட்டது. ஆளுக்கு ஆள் என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பொருந்திய முயற்சி இதுதான் என்பேன்.

ஆனால் வெட்டிய செலவு வேறு பக்கத்தில் தலைகாட்டியது. வாசலில் வந்து நிற்கும் அலுவலர் இல்லையென்றால், தவணை தவறும்போது கேட்பவரும் இல்லை. ஜிடிஷாவின் திருப்பிச் செலுத்தல் கீவாவை எட்டவில்லை. கீவாவே 2011-ல் கீவா ஜிப் என்ற பெயரில் கென்யாவில் இதே நேரடி முறையைச் சோதித்தது: வட்டி பூஜ்யம், எம்-பெசா வழி, கடன் வாங்குபவரை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். அங்கும் வராக்கடன் ஏறியது. சில ஆண்டுகளில் கென்யாவில் அதை நிறுத்திவிட்டார்கள். அலுவலரின் 24 சதவீதம் வீண் செலவு என்று நினைத்தவர்களுக்கு, அதில் ஒரு பகுதியாவது வசூலுக்கான செலவு என்று தெரிந்தது.

உள்ளூர் நிறுவனங்கள் வழியே நடந்த கீவாவின் மறுபாதியும் மாறியது. உள்ளூர் நிறுவனங்களிடம் அது பின்னாளில் கட்டணம் வாங்கத் தொடங்கியபோது, வட்டியில்லாமல் கொடுத்துவந்தவர்களில் ஒரு பகுதியினர் வேலைநிறுத்தமே அறிவித்தார்கள். கடன் கொடுப்பதை நிறுத்தி ஒரு வேலைநிறுத்தம்! கொடுத்தவர்களின் பூஜ்யத்தை நடுவில் இருந்தவர் வருமானமாக்கிக்கொண்டார் என்பது அவர்களுடைய புகார். அமைப்பை நடத்தச் செலவு உண்டு என்பது கீவாவின் பதில். மேலே போட்ட கணக்கைப் படித்தவருக்கு இரண்டு பக்கமும் புரியும்.

ஃப்ளானரி என்ன செய்தார்? கீவாவின் தலைமையிலிருந்து விலகி, 2015-ல் பிராஞ்ச் என்ற கைபேசிக் கடன் நிறுவனத்தைத் தொடங்கினார், அதுவும் கென்யாவிலேயே. வட்டியுண்டு, லாப நோக்குண்டு, முதலீட்டாளர்கள் உண்டு. தவணையை நினைவூட்டக் கைபேசியே போதும். இதைத் துரோகம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து வருடம் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்த ஒருவர், கையாளும் செலவுதான் எதிரி என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். அந்த முடிவு சரி. அதற்கு அவர் கண்ட மருந்து சரியா என்பது வேறு.

கைபேசிக் கடனின் விலையைப் பார்த்தால் அது தெரியும். 2012 நவம்பரில் கென்யாவில் வந்த எம்-ஷ்வாரி என்ற கைபேசிக் கடன் சேவை 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம் வைத்தது. 1,000 ஷில்லிங் வாங்கினால் 75. ஒரு கோப்பைத் தேநீர் அளவுக்குத் தோன்றும். வருடக் கணக்கில் 91 சதவீதம். கட்டமுடியாமல் ஒவ்வொரு மாதமும் அசலோடு சேர்த்து மறுபடி வாங்கிக்கொண்டே போனால் பன்னிரண்டு மாதத்தில் 1,000 என்பது 2,382 ஆகியிருக்கும். மோட்டார் சைக்கிளில் வந்த அலுவலரின் 42 சதவீதம் இதற்குப் பக்கத்தில் மலிவு. தொகை இன்னும் சிறியதாகி, காலம் இன்னும் குறுகியபோது, அலுவலர் இல்லாமலே விலை இரட்டிப்பானது. வராக்கடனும் கெடுபிடியும் சேர்ந்தே வந்தன. சில நூறு ஷில்லிங்குக்காகக் கடன் தகவல் நிறுவனங்களின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியவர்கள் அத்தனை பேர் இருந்ததால், 1,000 ஷில்லிங்குக்குக் கீழான பாக்கியைப் பட்டியலில் ஏற்றக்கூடாது என்று 2020 ஏப்ரலில் மத்திய வங்கி உத்தரவிட வேண்டி வந்தது. கைபேசிக் கடன் நிறுவனங்கள் உரிமம் பெற்றே ஆகவேண்டும் என்ற விதி 2022-ல் வந்தது.

அதே 2022 நவம்பர் 30-ல் அதிபர் வில்லியம் ரூட்டோ ஹஸ்லர் நிதி என்ற அரசுக் கடன் திட்டத்தைத் தொடங்கினார். 500 முதல் 50,000 ஷில்லிங் வரை, வருடத்துக்கு 8 சதவீதம், தவணைக் காலம் 14 நாள். 1,000 ஷில்லிங்குக்கு 14 நாள் வட்டி 3 ஷில்லிங் 7 சென்ட். எம்-ஷ்வாரியின் 75-க்கு எதிரே இது ஒன்றுமே இல்லை. ஆனால் இங்கும் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். கடனில் 5 சதவீதத்தை, அதாவது 50 ஷில்லிங்கை, சேமிப்பு என்று பிடித்துக்கொள்கிறார்கள். அதில் 35 ஓய்வூதியத்துக்கு, 15 குறுகியகாலச் சேமிப்புக்கு. கையில் வருவது 950. இரண்டு வாரத்தில் கட்ட வேண்டியது 1,003. அந்த 50 அவருடைய பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று தக்காளி வாங்க அது உதவாது. இன்றைய கடைக்கணக்கில் 950-க்கு 53 செலவு, இரண்டு வாரத்தில் 5.6 சதவீதம். பதினான்கு நாளில் சுழலும் வியாபாரம் எது? தேநீர்க் கடை, காய்கறி, வறுத்த சோளம். தையல் இயந்திரம் வாங்குபவருக்கு இந்தக் கடன் உதவாது.

இத்தனை வட்டி கொடுத்து வாங்குகிறார்களே, கட்டுப்படியாகிறதா என்று கேட்டால், முதல் பதில் ஆம். கிறிஸ்டோபர் உட்ரி, சந்தோஷ் அனகோல் இருவரும் 2006-ல் வெளியிட்ட கானா ஆய்வில், பழைய மோட்டார் உதிரிபாகங்களைப் புழங்கும் தொழிலில் மூலதனத்தின் வருட வருமானம் குறைந்தது 60 சதவீதம் என்று கண்டார்கள். பணப்பற்றாக்குறை இருக்கும் இடத்தில் சின்ன முதல் அவ்வளவு வேலை செய்கிறது. 42 சதவீதத்துக்கு வாங்கி 60 சதவீதம் பார்க்கலாம்.

இரண்டாம் பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. கென்யாவின் கிசுமு பக்கம் ஒரு தக்காளி வியாபாரியை வைத்துக் கணக்குப் போடலாம், இதுவும் மாதிரிதான். 3,000 ஷில்லிங்குக்குச் சரக்கு எடுக்கிறார், இரண்டு நாளில் விற்கிறார், 450 மிஞ்சுகிறது. மாதத்துக்கு 13 சுற்று, வருமானம் 5,850. இப்போது 20,000 கடன் வருகிறது. சரக்கை இரட்டிப்பாக்கி 6,000-க்கு எடுக்கிறார். வாடிக்கையாளர் இரட்டிப்பாகவில்லை, கொஞ்சம் அழுகுகிறது, கொஞ்சம் விலை குறைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. மிச்சம் 450-லிருந்து 650 ஆகிறது. கூடுதல் வருமானம் மாதம் 2,600. தவணை 2,067. கையில் நிற்பது 533 ஷில்லிங். மீதி 17,000? கூரைக்குத் தகரம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருத்துவம். இவை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இவற்றுக்கான தவணையும் தக்காளியிலிருந்துதான் வரவேண்டும். சந்தைக்கு ஒரு வயிறு உண்டு. அதற்கு மேல் கடனால் ஊட்ட முடியாது.

ஆறு நாடுகளில் நடந்த பரிசோதனை ஆய்வுகளின் முடிவை 2015 ஜனவரியில் அபிஜித் பானர்ஜி, டீன் கார்லன், ஜோனத்தன் ஜின்மன் மூவரும் தொகுத்தார்கள். எத்தியோப்பியா, மொராக்கோ, இந்தியா, போஸ்னியா, மெக்ஸிகோ, மங்கோலியா. விளைவு மிதமான நன்மை. வாழ்க்கை தலைகீழாக மாறவில்லை. மொராக்கோவின் கிராமங்களில் கடன் கிடைக்கிறது என்று சொன்னபோது வாங்கியவர்கள் வெறும் 13 சதவீதம். வாங்கியவர்களுக்குச் சொந்தத் தொழில் வருமானம் கூடியது, கூலி வேலை வருமானம் குறைந்தது, கூட்டிக் கழித்தால் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். ஏழைகள் எல்லோரும் கடனுக்காகக் காத்திருக்கும் தொழில்முனைவோர் என்ற நம்பிக்கையை அந்த 13 என்ற ஒற்றை எண் உடைத்துவிட்டது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. எந்த ஊரில்தான் எல்லோரும் கடை வைக்க ஆசைப்படுகிறார்கள்?

ஆனால் கடன் எந்தக் கையில், எந்த வடிவில் போகிறது என்பது கணக்கை மாற்றுகிறது. உகாண்டாவில் பிராக் என்ற நுண்கடன் நிறுவனத்தின் 3,000 பெண் கடன்காரர்களிடம் எம்மா ரைலி என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் ரொக்கம். இன்னொரு பிரிவினருக்கு அதே கடன் அவரவர் கைபேசிக் கணக்கில், கணவர் கண்ணில் படாமல். எட்டு மாதம் கழித்து கைபேசிக் கணக்கில் வாங்கியவர்களின் லாபம் 15 சதவீதமும், தொழில் மூலதனம் 11 சதவீதமும் கூடுதலாக இருந்தன. வட்டி மாறவில்லை, தொகை மாறவில்லை. பணம் வீட்டுக்குள் நுழையும் கதவு மட்டும் மாறியது. வட்டியைக் கால் சதவீதம் குறைக்கப் போராடும் அமைப்புகள் இந்த 15 சதவீதத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை பேசியது வெளியிலிருந்து வரும் பணம். ஆப்பிரிக்க ஊர்களில் ஆளுக்கு ஆள் கடன் என்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது இல்லை. கென்யாவில் சாமா, கானாவில் சுசு, தென்னாப்பிரிக்காவில் ஸ்டோக்வெல், எத்தியோப்பியாவில் இக்குப், கேமரூனில் ஞாங்கி. நம்மூர்ப் பெண்கள் மாதச் சீட்டுப் பிடிப்பதை அறிந்தவருக்கு இவை எதையும் விளக்க வேண்டியதில்லை.

கானாவின் சுசு வசூல்காரர் தினமும் கடைக்கு வருவார். கடைக்காரம்மா தினம் 5 செடி கொடுக்கிறார் என்று வைப்போம். முப்பது நாளில் 150. மாதக் கடைசியில் ஒரு நாள் பணத்தைக் கூலியாக எடுத்துக்கொண்டு 145 திருப்பித் தருவார். சேமிப்புக்கு வட்டி கிடைக்கவில்லை, சேமித்தவரே வட்டி கட்டுகிறார். சராசரியாக அவரிடம் இருந்தது 77 செடி 50. அதற்குக் கூலி 5 செடி. வருடக் கணக்கில் கிட்டத்தட்ட 77 சதவீதம், அதுவும் எதிர்த்திசையில். பொருளாதாரப் பாடநூலைப் படித்தவர் தலையில் அடித்துக்கொள்வார். கடைக்காரம்மாவுக்குத் தெரியும், அந்த 5 செடி கொடுக்காவிட்டால் 150-ல் எண்பது செடி மாதத்துக்குள் வீட்டில் கரைந்துவிடும் என்று.

கென்யாவின் மேற்கே புமாலா சந்தையில் பாஸ்கலின் துபாஸ், ஜோனத்தன் ராபின்சன் இருவரும் செய்த சோதனையும் இதையே சொன்னது. வட்டியே தராத, பணம் எடுக்கக் கட்டணம் பிடிக்கும் ஒரு சேமிப்புக் கணக்கை வியாபாரப் பெண்களுக்குத் திறந்து கொடுத்தார்கள். நிறைய பெண்கள் பயன்படுத்தினார்கள். தொழிலில் போட்ட முதலும் கூடியது. கடன் கொடுக்கவே இல்லை. பாதுகாப்பாக வைக்க ஓர் இடம் கொடுத்தார்கள்.

1991-ல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் என்ற தொண்டு அமைப்பு சேமிப்பு, கடன் இரண்டையும் ஒன்று சேர்த்தது. மொய்ரா எக்னெஸ் என்பவர் உள்ளூர்ப் பெண்களின் பழைய சுழல் சேமிப்பை எடுத்து, அதில் கடனையும் வட்டியையும் வருடக் கடைசிப் பங்கீட்டையும் சேர்த்தார். இன்று ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருக்கும் கிராமச் சேமிப்புக் கடன் குழுக்களின் வேர் அது. பதினைந்து முதல் முப்பது பேர். மூன்று பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி. மூன்று சாவி மூன்று பேரிடம். வாரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்குவார்கள். தன் சேமிப்பைப் போல மூன்று மடங்கு வரை கடன் எடுக்கலாம்.

உகாண்டாவில் 25 பெண்கள் கொண்ட ஒரு குழுவை எடுத்துக் கணக்குப் போடுகிறேன். பங்கு ஒன்று 1,000 ஷில்லிங். ஆளுக்குச் சராசரி வாரம் இரண்டு பங்கு.

வாரச் சேமிப்பு 50,000 ஷில்லிங்.
ஐம்பது வாரத்தில் 25,00,000 ஷில்லிங், கிட்டத்தட்ட 675 டாலர்.
வருடம் முழுவதும் பெட்டியில் சராசரியாக 12,50,000.
அதில் ஐந்தில் மூன்று பங்கு கடனில் நிற்கிறது என்றால் 7,50,000.
வட்டி மாதம் 10 சதவீதம். முதல் மாதம் போக 11 மாதத்தில் 8,25,000.

மாதம் பத்து சதவீதமா என்று முகம் சுளிக்க வேண்டாம். வருடக் கடைசியில் அந்த 8,25,000 யாருக்குப் போகிறது? அதே 25 பேருக்கு. ஒரு லட்சம் சேமித்தவர் 1,33,000 எடுத்துக்கொண்டு போகிறார். அவரே நடுவில் 1,50,000 கடன் வாங்கி மூன்று மாதத்தில் 45,000 வட்டி கட்டியிருந்தால், கடைசிப் பங்கீட்டில் 33,000 திரும்பி வந்துவிடுகிறது. அவருடைய நிகரச் செலவு 12,000. மூன்று மாதத்துக்கு 8 சதவீதம், வருடத்துக்கு 32. மோட்டார் சைக்கிள் அலுவலரின் 42-ஐ விடக் குறைவு. கைபேசியின் 91-ஐ விட மிகக் குறைவு. டாலர் ஏறினாலும் இறங்கினாலும் இங்கே கவலையில்லை, ஏனென்றால் டாலரே இல்லை. வராக்கடனும் குறைவு, கட்டாதவர் அடுத்த வாரம் அதே கிணற்றடியில்தான் நிற்க வேண்டும்.

இதிலும் எழுதாமல் விட்ட ஒரு செலவு உண்டு. 25 பெண்கள், வாரம் இரண்டு மணி நேரம், ஐம்பது வாரம். 2,500 மணி நேரம். மணிக்கு 500 ஷில்லிங் என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 12,50,000. குழு ஈட்டிய வட்டியைவிட அதிகம். நுண்கடன் நிறுவனம் சம்பளமாகக் கொடுத்ததை இந்தப் பெண்கள் நேரமாகக் கொடுக்கிறார்கள். இதைச் சொன்னால் குழுவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஊர்க்கதை, கல்யாணப் பேச்சு, சாவுச் செலவுக்கென ஒதுக்கும் தனிக் காசு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் கணக்கு எழுதுபவன் எழுதித்தான் ஆகவேண்டும். குழு மலிவாக இருப்பதற்குக் காரணம் அற்புதம் எதுவும் இல்லை. உழைப்புக்கு யாரும் கூலி கேட்கவில்லை.

கானா, மலாவி, உகாண்டா மூன்று நாடுகளில் இக்குழுக்களைச் சோதித்த கார்லன் குழுவினரின் ஆய்வு 2017-ல் வந்தது. தொழில் வருமானமும் பெண்களின் முடிவெடுக்கும் அதிகாரமும் கூடின. வீட்டின் சராசரி நுகர்வு கூடவில்லை. மற்ற நுண்கடன் ஆய்வுகளைப் போலவே, நன்மை உண்டு, மாயம் இல்லை. வெளியிலிருந்து ஒரு முறை பயிற்சி கொடுத்தால் போதும், பிறகு குழு தன் பணத்தில் தானே ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு டாலருக்கு அதிகம் வேலை வாங்குவது இந்தத் தகரப் பெட்டிதான் என்பது என் தீர்ப்பு. பெட்டியால் ஆகாத காரியங்கள் உண்டு: பால் குளிரூட்டி, சூரிய மின்தகடு, மாவு அரைக்கும் இயந்திரம். 25 பெண்களின் மொத்தச் சேமிப்பே 675 டாலர் என்னும்போது 2,000 டாலர் இயந்திரத்தை அது வாங்காது. வெளிநாட்டவரின் 25 டாலருக்கு நியாயமான இடம் அங்கேதான். தொகை பெரிதாக இருப்பதால் கையாளும் செலவும் குறைகிறது.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் பலர் கீவாவில் 25 டாலர் போட்டு வைத்திருப்பார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படத்தில் சிரிக்கும் முகத்தைப் பார்த்தது போதும். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, கடன் கொடுக்கும் உள்ளூர் நிறுவனத்தின் விவரத்தில், கடன் வாங்குபவருக்கு ஆகும் சராசரி வருடச் செலவு சதவீதமாக எழுதியிருக்கும். முதலில் அந்த எண்ணைப் படியுங்கள். வாங்கும் தொகை சில நூறு டாலராக இருந்து, அந்த எண் ஐம்பதைத் தாண்டினால், உங்கள் பூஜ்யம் அந்தப் பெண்ணைச் சென்று சேரவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்.